கிரெடிட் தராததும் டிஸ்கிரெடிட்டும் ஒன்றா?

கேள்வி: ஐயா, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். ஆங்கிலத்தை வேலையில் சேர்ந்த பிறகு தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவள். ஒரு புது ஆர்டருக்காக மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு காஸ்டிங் ஷீட் தயார் செய்தேன். பையர் மீட்டிங்கில் எங்கள் டீம் லீடர் அதைத் தானே செய்ததுபோலக் காட்டிவிட்டார். நானும் அதே அறையில்தான் இருந்தேன். என் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. ராத்திரி தூக்கம் பிடிக்காமல் எச்.ஆருக்கு மெயில் போட்டேன். அதில் "ஹி டிஸ்கிரெடிட்டட் மீ இன் ஃப்ரன்ட் ஆஃப் தி பையர்" என்று எழுதினேன். மறுநாள் எச்.ஆர். மேடம் கூப்பிட்டு, "உங்களைப் பத்தி பையர்கிட்ட அவர் என்ன தப்பா சொன்னார்? யார் கேட்டாங்க?" என்று விசாரித்தார். "என்னைப் பற்றி அவர் எதுவுமே சொல்லல மேடம், அதுதான் என் புகாரே" என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். விஷயம் டீம் லீடர் காதுக்கும் போய்விட்டது. "நான் உன்னை அவதூறா பேசினேனா?" என்று முறைக்கிறார். வக்கீலாக இருக்கும் என் சித்தப்பாவோ, "டிஸ்கிரெடிட் வேற, டிஃபேம் வேற. உனக்கு நடந்தது ரெண்டுமே இல்ல" என்று சிரிக்கிறார். கிரெடிட் கொடுக்காமல் விட்டால் அது டிஸ்கிரெடிட் ஆகாதா? அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்னதான் பொருள்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் சித்தப்பா சொன்னது சரி. சிரித்ததைத் தவிர்த்திருக்கலாம்.

நீங்கள் செய்த பிழையில் ஒரு நியாயம் இருக்கிறது. கனெக்ட் என்றால் இணைப்பது, டிஸ்கனெக்ட் என்றால் இணைப்பைத் துண்டிப்பது. லைக், டிஸ்லைக். ஒபே, டிஸொபே. இந்த வரிசையில் கிரெடிட்டை நிறுத்தி முன்னால் ஒரு டிஸ் போட்டால் 'கிரெடிட் தராமல் விடுவது' என்றுதானே வர வேண்டும்? வராது. இத்தனை வருடம் விடைத்தாள் திருத்தியதில் இதே பிழையை நான் எத்தனையோ தடவை சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன். எழுதியவர்கள் எல்லோரும் யோசித்து எழுதியவர்கள்தான். மனப்பாடம் செய்கிறவர்களுக்கு இந்தப் பிழை வராது.

சிக்கல் கிரெடிட் என்ற சொல்லில் இருக்கிறது. அது ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, 'இதைச் செய்தவர் இவர்' என்று ஒப்புக்கொள்ளும் பெருமை. சினிமா தொடங்கும்போது ஓடும் பெயர்ப் பட்டியலுக்கு கிரெடிட்ஸ் என்று பெயர் வந்தது இந்தப் பொருளில். உங்கள் மனத்தில் இருந்ததும் இதுதான். இன்னொன்று, நம்பிக்கை. ஒருவர் சொன்னால் அது செல்லும் என்கிற நம்பிக்கை. டிஸ் என்ற முன்னொட்டு சேர்ந்து வினைச்சொல்லாகும்போது இந்த இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஆகவே உங்கள் மெயிலைப் படித்தவருக்குப் புரிந்தது இது: 'இந்தப் பெண் சொல்வதை நம்ப வேண்டாம் என்று பையர் நினைக்கும்படி அவர் ஏதோ செய்துவிட்டார்.' எச்.ஆர். மேடம் கேட்ட கேள்வி, நீங்கள் எழுதிய வாக்கியத்துக்கு மிகச் சரியான கேள்வி.

இந்தச் சொல்லின் வேர் லத்தீன். அந்த மொழியில் க்ரெடெரே என்றால் நம்புவது, நம்பி ஒப்படைப்பது. க்ரெடோ என்றால் 'நம்புகிறேன்'. கிறிஸ்தவ வழிபாட்டில் சொல்லப்படும் விசுவாசப் பிரமாணம் லத்தீனில் அந்தச் சொல்லோடுதான் தொடங்கும். அதிலிருந்து வந்த உறவுக்காரர்கள் ஆங்கிலத்தில் ஒரு தெரு நிறைய இருக்கிறார்கள். நம்பத்தக்கது கிரெடிபிள். நம்பவே முடியாதது இன்கிரெடிபிள். எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற அப்பாவி கிரெடுலஸ். 'இவரை நம்பலாம்' என்று காட்டும் சான்றுகள் கிரெடென்ஷியல்ஸ். கல்லூரி வாசலில் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறார்களே நாக் அங்கீகாரம் என்று, அந்த நாக் என்பதில் இருக்கும் ஒரு 'ஏ' அக்ரெடிட்டேஷன். கடன் கொடுத்தவருக்குக் கிரெடிட்டர் என்று பெயர், அதாவது நம்பியவர். வங்கியில் இருக்கும் கிரெடிட்டும் இதே வீட்டுப் பிள்ளைதான். திருப்பித் தருவார் என்று நம்பிக் கொடுப்பதால் கடனுக்கு அந்தப் பெயர்.

எனக்கு இந்தச் சொல் புரிந்தது லத்தீன் அகராதியில் அல்ல, எங்கள் அப்பாவின் மளிகைக் கடையில்.

கடைச் சுவரில் 'கடன் அன்பை முறிக்கும்' என்று ஒரு தகரப் பலகை தொங்கும். அதற்கு நேர் கீழே, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், நீளமான பற்று நோட்டு இருக்கும். பலகை வெளியூர்க்காரர்களுக்கு, நோட்டு உள்ளூர்க்காரர்களுக்கு. பஞ்சாலைத் தொழிலாளி ஒருவருக்கு அதில் ஒரு பக்கம் இருந்தது. மாதா மாதம் ஏழாம் தேதிக்குள் வந்து கணக்கை அடைத்துவிடுவார். பல வருடப் பழக்கம். ஒரு நாள் யாரோ வந்து, "அந்த மில்லை இழுத்து மூடப் போறாங்களாமே அண்ணாச்சி" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். தொழிலாளியைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. குடிக்கிறார் என்றோ ஏமாற்றுகிறார் என்றோ யாரும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அவர் வந்து அரிசியும் பருப்பும் கேட்டபோது, அப்பா நோட்டை எடுக்கவில்லை. "ரொக்கமா இருந்தா குடுங்களேன்" என்றார். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனதை ஒன்பது வயதுப் பையனாக நான் பார்த்தேன். மில் மூடவில்லை. அவர் அந்த மாதப் பாக்கியை ஏழாம் தேதி கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் கடைப்பக்கம் வரவே இல்லை.

அவருடைய பெயர் ஊரில் கெடவில்லை. யாரும் அவரைத் திட்டவில்லை, பழிக்கவில்லை. நேற்றுவரை செல்லுபடியான அவருடைய 'ஏழாம் தேதி தந்துடறேன்' என்ற சொல், ஒரே ராத்திரியில் செல்லாக்காசு ஆகிவிட்டது. டிஸ்கிரெடிட் என்றால் இதுதான். ஒருவரின் சொல்லைச் செல்லாமல் ஆக்குவது.

செல்லாக்காசு என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். தமிழில் நாணயம் என்றால் காசு, நேர்மையும்கூட. 'நாணயமான மனுஷன்' என்றால் வாக்குத் தவறாதவர், கொடுக்கல் வாங்கலில் நம்பலாம் என்று பொருள். ஐரோப்பாவில் நம்பிக்கைக்கான சொல் கடனுக்குப் போயிற்று. நம்மிடம் காசும் நம்பகமும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன. இரண்டு இடத்திலும் கடைத்தெருவில் நடந்த வேலை இது. ஆகவே டிஸ்கிரெடிட்டுக்கு அகராதிகள் தரும் 'மதிப்புக் குலைத்தல்', 'அவமதித்தல்' போன்றவற்றைவிட, 'நாணயத்தைக் கெடுத்தல்' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அவமதித்தல் முழுக்கத் தவறு. ஒரு மொழிபெயர்ப்பில் 'டிஸ்கிரெடிட்டட் தியரி' என்பதை 'அவமதிக்கப்பட்ட கோட்பாடு' என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். கோட்பாட்டை யார் என்ன சொல்லி அவமதித்தார்கள் என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் சித்தப்பாவின் தொழிலில் இந்தச் சொல்லுக்குத் தினமும் வேலை. 1872இன் இந்திய சாட்சியச் சட்டத்தில் 155ஆவது பிரிவு, சாட்சியின் கிரெடிட்டை எப்படியெல்லாம் தாக்கலாம் என்று சொன்னது. அந்தச் சாட்சி லஞ்சம் வாங்கியவர் என்று நிரூபிக்கலாம். முன்பு ஒன்று சொன்னவர் இப்போது வேறொன்று சொல்கிறார் என்று காட்டலாம். அவரை நன்கு அறிந்தவர்கள் வந்து 'இவர் சொல்வதை நம்ப முடியாது' என்று சொல்லலாம். 146ஆவது பிரிவு, குறுக்கு விசாரணையில் சாட்சியின் கிரெடிட்டை அசைத்துப் பார்க்கும் கேள்விகளை அனுமதித்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறின, வேலை மாறவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாட்சி சொன்னது பொய் என்று வக்கீல் நிரூபிக்க வேண்டியதில்லை. சொன்னவர் நம்பத்தக்கவர் அல்ல என்று நீதிபதியை நினைக்க வைத்தால் போதும். சொன்னதைப் பொய்யென்று காட்டுவதற்கு ஆங்கிலத்தில் டிஸ்ப்ரூவ் என்று தனிச் சொல் இருக்கிறது. டிஸ்ப்ரூவ் சொல்லின்மேல் பாயும், டிஸ்கிரெடிட் சொல்பவர்மேல் பாயும். உண்மையைச் சொன்ன சாட்சியையும் டிஸ்கிரெடிட் செய்துவிட முடியும். நீதிமன்ற வாசலில் அழுதுகொண்டு நிற்பவர்களில் இப்படிப்பட்டவர்கள் உண்டு.

இதன் கொடூரமான முகம் அந்த 155ஆவது பிரிவிலேயே நான்காவது உட்பிரிவாக ஒரு நூற்றாண்டுக்கும் மேல் உட்கார்ந்திருந்தது. பாலியல் வன்முறை வழக்கில், புகார் கொடுத்த பெண் பொதுவாக ஒழுக்கக் கேடானவர் என்று காட்டலாம் என்றது அது. அன்று அந்த இடத்தில் என்ன நடந்தது என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. அவள் வாயை அடைத்தால் போதும். 2002ஆம் ஆண்டின் திருத்தத்தில்தான் அதை எடுத்தார்கள். டிஸ்கிரெடிட் என்ற சொல்லைக் கற்கும் யாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கட்சி. அகராதியில் இருக்கும்போது சாதுவாகத் தெரிகிற சொல் இது.

அதற்காக, டிஸ்கிரெடிட் ஆனவர் எல்லாம் பாவம் என்று எண்ணிவிட வேண்டாம். தகுதியோடு டிஸ்கிரெடிட் ஆனவர்களும் இருக்கிறார்கள். 1912 டிசம்பரில் லண்டனில், சார்லஸ் டாசன் என்பவர் கண்டெடுத்ததாகச் சொன்ன ஒரு மண்டையோட்டை அறிஞர் சபையில் வைத்தார்கள். குரங்கிலிருந்து மனிதன் வந்த வழியில் விடுபட்ட கண்ணி கிடைத்துவிட்டது என்று கொண்டாட்டம். பில்ட்டவுன் மனிதன் என்று பெயரும் வைத்தார்கள். நாற்பத்தொரு வருடம் கழித்து, 1953இல், குட்டு உடைந்தது. மனித மண்டையோட்டோடு மனிதக் குரங்கின் தாடையைச் சேர்த்து, பல்லை அரத்தால் தேய்த்து, பழையது போலத் தெரியக் கறையேற்றி வைத்திருந்தார்கள். பில்ட்டவுன் மனிதன் டிஸ்ப்ரூவ் ஆனான். டாசன் டிஸ்கிரெடிட் ஆனார். அவர் 1916லேயே இறந்துவிட்டார். ஆனாலும் அவர் வாழ்நாளில் கண்டெடுத்ததாகச் சொன்ன மற்றப் பொருள்களையும் பிறகு ஒவ்வொன்றாக எடுத்துச் சந்தேகத்தோடு புரட்டிப் பார்த்தார்கள். ஒரு பொய் அம்பலமானதும் அந்த மனிதருடைய மற்றப் பேச்சுக்கும் விலை இறங்கிவிடுகிறது.

இன்னும் பக்கத்துக் கதை ஒன்று. 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், பன்னிரண்டு குழந்தைகளை வைத்து ஒரு கட்டுரையை லான்செட் இதழில் வெளியிட்டார். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற பயத்தை அது கிளப்பிவிட்டது. பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் வருடக்கணக்கில் தோண்டித் துருவி அதில் இருந்த முறைகேடுகளை வெளியே கொண்டுவந்தார். 2010இல் லான்செட் அந்தக் கட்டுரையை முழுமையாகத் திரும்பப் பெற்றது. அதே வருடம் வேக்ஃபீல்டின் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. இன்றும் ஆங்கிலப் பத்திரிகைகளில் அவர் பெயருக்கு முன்னால் 'டிஸ்கிரெடிட்டட்' என்ற அடைமொழி டாக்டர் பட்டம் மாதிரி ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம்.

இந்தக் கதையிலேயே இன்னொரு சொல்லையும் கற்றுக்கொள்ளலாம். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கட்டுரை வெளிவந்த பிறகு பிரிட்டனில் தாய்மார்கள் குழந்தைக்கு அந்த ஊசியைப் போடத் தயங்கினார்கள். நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டியிருந்த தடுப்பூசி விகிதம், 2003-04 வாக்கில் இங்கிலாந்தில் எண்பதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஒரே நாளில் விழவில்லை, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. தடுப்பூசிமேல் இருந்த நம்பிக்கைக்கு நேர்ந்த இந்தச் சேதத்தை ஆங்கிலத்தில் அண்டர்மைன் என்பார்கள். கட்டுரை டிஸ்கிரெடிட் ஆயிற்று, பொதுமக்களின் நம்பிக்கை அண்டர்மைன் ஆயிற்று. இரண்டையும் இடம் மாற்றிப் போட முடியாது.

அண்டர்மைன் என்றால் அடியில் சுரங்கம் தோண்டுவது. இது உவமையாகப் பிறந்த சொல் இல்லை, கோட்டையைப் பிடிக்க உண்மையாகவே செய்த வேலை. 1215இல் இங்கிலாந்தின் ஜான் மன்னர், தனக்கு எதிராகக் கிளம்பிய பிரபுக்கள் பிடித்து வைத்திருந்த ராச்செஸ்டர் கோட்டையை முற்றுகையிட்டார். ஆட்கள் கோபுரத்தின் ஒரு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள். மேலே இருக்கும் கல் உடனே விழுந்துவிடாதபடி மரத்தூண்களை முட்டுக் கொடுத்துக்கொண்டே போனார்கள். பிறகு மன்னர் தன் அதிகாரிக்கு ஓலை அனுப்பினார்: சாப்பிட லாயக்கில்லாத, நன்றாகக் கொழுத்த நாற்பது பன்றிகளை உடனே அனுப்பி வை என்று. அந்தக் கொழுப்பை வைத்துச் சுரங்கத்துக்குள் தீ மூட்டினார்கள். முட்டுக்கட்டைகள் எரிந்தன, மேலே இருந்த மூலை சரிந்தது. இன்று அந்தக் கோட்டைக்குப் போனாலும் பார்க்கலாம். மூன்று மூலைகள் சதுரமாக இருக்கும். பின்னால் கட்டிய நாலாவது மூலை மட்டும் உருண்டையாக இருக்கும்.

நம் 'குழி பறிப்பது' இதற்குக் கிட்டத்தில் வரும், ஆனால் அதேதான் என்று சொல்ல மாட்டேன். குழி பறிப்பவர் நீங்கள் நடந்து வரும் பாதையில் பறிக்கிறார், அதில் நீங்கள் விழ வேண்டும். அண்டர்மைன் செய்பவர் நீங்கள் நிற்கும் இடத்துக்கு அடியிலேயே மண்ணை எடுத்துக்கொண்டிருப்பார். நீங்கள் நகரவே வேண்டாம். மீட்டிங்கில் நீங்கள் பேசும்போதெல்லாம் லேசாகச் சிரிக்கிறவர், 'அது சரி, ஆனா...' என்று ஒவ்வொரு தடவையும் இழுக்கிறவர், உங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்கு உங்களைக் கேட்காமல் நேரே வேலை சொல்கிறவர், இவர்கள் எல்லாம் அண்டர்மைன் செய்கிறவர்கள். ஒரு நாளில் எதுவும் தெரியாது.

இனி டிஃபேம். இது ஃபாமா என்ற லத்தீன் சொல்லிலிருந்து வருகிறது. ஊர்ப்பேச்சு, புகழ் என்று பொருள். ஃபேமஸ் அதிலிருந்து வந்ததுதான். டிஃபேம் என்றால் ஊரில் ஒருவருக்கு இருக்கும் பெயரைக் கெடுப்பது. இதற்குப் பேச்சோ எழுத்தோ படமோ சைகையோ ஏதாவது ஒன்று வேண்டும், அதைக் கேட்கவோ பார்க்கவோ மூன்றாம் மனிதர் ஒருவராவது வேண்டும். உங்கள் டீம் லீடர் தனியறையில் உங்களைத் திட்டினால்கூட அது டிஃபேம் ஆகாது, வேறு குற்றமாக இருக்கலாம். இது சட்டத்துக்குள் நன்றாகக் காலூன்றிய சொல். இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 ஆகிய பிரிவுகளில் இருந்தது, இப்போது பாரதிய நியாய சம்ஹிதாவில் 356ஆவது பிரிவு. இரண்டு வருடம் வரை சிறை. புதுச் சட்டத்தில் சமூக சேவையும் ஒரு தண்டனையாகச் சேர்ந்திருக்கிறது. தமிழ்ப் பத்திரிகைகள் இதற்கு இரண்டு சொல் வைத்திருக்கின்றன. தண்டனை கேட்டுப் போட்டால் அவதூறு வழக்கு, பணம் கேட்டுப் போட்டால் மானநஷ்ட வழக்கு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இந்த விஷயத்தில் நம் நிருபர்கள் தெளிவானவர்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இங்கே குற்ற வழக்கில், சொன்னது உண்மை என்று காட்டினால் மட்டும் தப்பிக்க முடியாது. அது பொது நன்மைக்காகச் சொல்லப்பட்டது என்றும் காட்ட வேண்டும். ஆகவே, "உள்ளதைத்தானே சொன்னேன்" என்று நினைத்துக்கொண்டு ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் டீம் லீடரைப் பற்றி எதையும் எழுதிவிடாதீர்கள். சித்தப்பாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் குடும்பத்தில் மிச்சம் இருப்பவர்களை வேகமாகத் தாண்டிவிடலாம். டார்னிஷ் என்பது உலோகம் மங்குவது. பீரோவில் வைத்த வெள்ளிக் குங்குமச் சிமிழ் கறுத்துப்போகிறதே, அது. பெயருக்கு நேர்ந்தால், பளபளப்பு போயிற்று, பொருள் இருக்கிறது என்று அர்த்தம். திருநீறு போட்டுத் துடைத்தால் மறுபடி மின்னும் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஸ்மியர் என்பது பூசுவது. நாம் சேற்றை வாரி இறைப்பது என்போம். தேர்தல் நேரத்தில் அதிகம் காதில் விழும். இம்பியூன் என்று ஒன்று உண்டு, ஒருவரின் நேர்மையையோ நோக்கத்தையோ கேள்விக்குள்ளாக்குவது. உங்களுக்கு அது தேவைப்படாது. ஆனால் சித்தப்பாவின் மேசையில் இருக்கும் எந்த மனுவைப் புரட்டினாலும் 'இம்பியூன்ட் ஆர்டர்' என்று பத்து இடத்தில் இருக்கும். எதிர்த்து வழக்காடப்படும் ஆணை என்பதுதான் அதன் பொருள், பயப்பட ஒன்றுமில்லை.

டிஸ்கிரெடிட்டை எழுதும்போது சில பழக்கங்கள். உச்சரிக்கும்போது அழுத்தம் நடுவில், 'க்ரெ'யில் விழ வேண்டும். வினைச்சொல்லாக வந்தால் பின்னால் நேராக ஆளையோ பொருளையோ போட்டுவிடலாம்: 'தே ட்ரைட் டு டிஸ்கிரெடிட் தி விட்னெஸ்.' இடையில் ஆன், அபௌட் எதுவும் வராது. சாட்சி, அறிக்கை, கோட்பாடு, ஆய்வு, எதிர்க்கட்சி, புகார் கொடுத்தவர், இவர்கள்தான் அதன் வழக்கமான பக்கத்துவீட்டுக்காரர்கள். சாப்பாட்டையோ சினிமாவையோ டிஸ்கிரெடிட் செய்ய முடியாது, அவை நம்மிடம் நம்பிக்கை கேட்டு வருவதில்லை. பெயர்ச்சொல்லாக வந்தால் ஆன் சேரும்: 'ஹிஸ் கான்டக்ட் ப்ராட் டிஸ்கிரெடிட் ஆன் தி டிபார்ட்மென்ட்.' அவர் நடத்தையால் துறைக்கே கெட்ட பெயர். இங்கே மட்டும் நம்பிக்கையோடு மானமும் கொஞ்சம் கலந்து வரும். 'டு ஹிஸ் கிரெடிட்' என்று ஒரு தொடர் உண்டு. 'டு ஹிஸ் கிரெடிட், ஹி அப்பாலஜைஸ்ட்' என்றால், மன்னிப்புக் கேட்டார், அது அவருக்குப் பெருமை என்று பொருள். கடன் கணக்கு என்று நினைத்துவிடக் கூடாது. இப்படி நினைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பெயரைச் சொன்னால் அது டிஃபமேஷன் ஆகிவிடும்.

இப்போது உங்கள் மெயிலுக்கு வருவோம். உங்களுக்கு நடந்ததை ஆங்கிலத்தில் 'ஹி டுக் கிரெடிட் ஃபார் மை வொர்க்' என்பார்கள். ஆறே ஆறு சின்னச் சொற்கள், எந்த எச்.ஆருக்கும் புரியும். புகாராக எழுதும்போது இன்னும் கொஞ்சம் நிதானமாக எழுதுவது நல்லது: 'தி காஸ்டிங் ஷீட் ஐ ப்ரிப்பேர்ட் வாஸ் ப்ரெசென்டட் டு தி பையர் வித்தவுட் எனி மென்ஷன் ஆஃப் மை நேம்.' அதன் கீழே, முதல் வரைவை எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பினீர்கள் என்பதை எழுதி, அந்தப் பழைய மெயிலையும் சேர்த்துவிடுங்கள். கடைசியில், என் பங்கைப் பதிவு செய்ய வேண்டுகிறேன் என்று ஒரே ஒரு வரி. துரோகம், அநியாயம், அவமானம் எதுவும் வேண்டாம். தேதிகளே பேசும். முந்தைய மெயிலில் தவறான சொல்லைப் போட்டுவிட்டேன் என்பதையும் ஒரு வரியில் ஒப்புக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இதை இன்றே அனுப்புங்கள். ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், உங்கள் டீம் லீடர் கையில் இப்போது ஒரு ஆயுதம் இருக்கிறது. நீங்கள் போட்ட தவறான அந்த ஒரே ஒரு சொல். "அந்தப் பொண்ணுக்கு இங்கிலீஷே சரியா வராது மேடம், கோபத்துல எதையோ எழுதியிருக்கு, பெரிசா எடுத்துக்காதீங்க" என்று அவர் எச்.ஆரிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால், இன்னொரு மெயில் எழுதுங்கள். அதில் டிஸ்கிரெடிட் என்ற சொல்லைத் தயங்காமல் போடுங்கள். அப்போது அது சரியாக இருக்கும்.